மாலையோடு உருளையில் ஏறிய கார்

சுன்னாகத்தில் இருக்கும் எங்கள் பழைய காருக்கு, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் ஒன்றை என் கணவர் தானே பூட்டினார். குதிரைவலுவை அளந்து பார்க்க அரியாலையில் ஒரு கராஜுக்குப் புறப்பட்டோம். வழியில் பிள்ளையார் கோயிலில் பூசை செய்வித்து, காரின் முகத்தில் தடித்த செவ்வந்தி மாலையை நானே இறுக்கிக் கட்டினேன்.

கராஜில் காரை உருளைகளின் மேல் ஏற்றிப் பிணைத்து, முன்னால் பெரிய மின்விசிறியை வைத்து, நின்ற இடத்திலேயே வேகமாக ஓடவிட்டார்கள். திரையில் தெரிந்த குதிரைவலு முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். கணவரின் முகம் செத்துப்போயிற்று.

"சூப்பர்சார்ஜர் தள்ளுற காத்தை இன்னும் கூட்டிப் பாப்பம், அண்ணை," என்றார் இயந்திரத்தை இயக்கியவர்.

"ஓம், கூட்டும்," என்றார் இவர்.

அப்போது எனக்குப் பூ அவியும் மணம் வந்தது.

"இஞ்சாருங்கோ, கொஞ்சம் பொறுங்கோ," என்றேன்.

குனிந்து பார்த்தார்கள். மின்விசிறிக் காற்றில் மாலை பிய்ந்து, எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிர வைக்கும் பகுதி முழுவதும் இதழ்கள் அப்பிக் கிடந்தன.

"காத்து குளிராததாலைதான் வலு ஏறேல்லை. உந்தச் சூட்டோடை காத்தையும் கூட்டியிருந்தா எஞ்சின் உடைஞ்சிருக்கும், அக்கா," என்றார் இயக்கியவர்.

துப்புரவாக்கி, ஆறவிட்டு, மறுபடி ஓடவிட்டார்கள். எண் ஏற ஏற இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போதும் பூசை செய்கிறோம். மாலையைக் கோயில் வாசலிலேயே கழற்றிவிடுகிறேன். போன கிழமை, மாலையோடு புது வானை ஓட்டிப் புறப்பட்ட ஒருவரையும் மறித்துச் சொன்னேன்.

"கழட்டினா சாமி கோவிக்காதோ, அக்கா?" என்று கேட்டார்.

"சாமி பொறுக்கும், தம்பி. எஞ்சின் பொறுக்காது," என்றேன்.