பன்னிரண்டு ஓட்டைத் தகடு

லெட்சுமியை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்த அன்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவள் கேட்டது ஒன்றுதான்: “கொல்லைக் கதவு காத்துல அடிச்சுக்குமே, தகட்ட முட்டுக் கொடுத்துட்டு வந்தீங்களா?” கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

அந்தத் தகட்டின் கதை இது. மோட்டார் சைக்கிளின் இரும்புச் சட்டத்தில் அதற்குச் சொந்தமில்லாத இஞ்சினை உட்கார வைப்பது, ஒவ்வொரு போல்ட்டிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே செய்யும் வேலை. செய்து பார்த்தவர்களுக்கு விரல் முட்டியில் தழும்பு இருக்கும். அவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டாம்.

நிபந்தனை

எழுபதுகளில் ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் நான் ஃபிட்டர். யாரும் சொல்லித் தரவில்லை. கழற்றிப் பார்த்துக் கற்றதுதான். லெட்சுமி பக்கத்துத் தோட்டத்துக் கங்காணியின் மகள். எங்கள் இருவருக்கும் மாரியம்மன் திருவிழாவிலேயே கல்யாணப் பேச்சு முடிந்திருந்தது. அவள் அப்பாவிடம்தான் முடியவில்லை. அவர்கள் குடியிருந்த மேட்டு லயத்து வரிசை வீடுகளுக்கு லோரி எப்போதாவதுதான் வரும். வண்டியில்லாத மாப்பிள்ளைக்கு மூத்த மகளைக் கொடுத்துவிட்டு, பிரசவத்துக்கு அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மலை இறங்கியவர் அவர். என்னிடம் தெளிவாகவே சொன்னார்: “மாசக் கடைசி ஞாயித்துக்கெழம சொந்த மோட்டார்ல வந்து பொண்ணு கேளு. நடந்து வந்தா டீ குடிச்சிட்டுப் போ லா.”

காய்ந்த அளவு

என்னிடம் இருந்தது இஞ்சின் இல்லாத ஒரு பழைய மோட்டார் சைக்கிள் சட்டம். கோலா தெர்லாவில் காய்கறி போடுகிறவர் ஒருவர் கழித்துப்போட்ட தண்ணீர் பம்பு இஞ்சினை வாங்கி வந்தேன். அதைச் சட்டத்தில் பிடிக்க இரண்டு பக்கமும் இரும்புத் தகடு வேண்டும். முதலில் அட்டையில் அளவு வெட்டி, ஓட்டைகளுக்கு அடையாளம் வைத்தேன். மூடுபனியில் அட்டை நமத்துவிட்டது. நான்தான் புத்திசாலியாயிற்றே, தேயிலை காயும் டிரையர் பக்கத்தில் அதைத் தொங்கவிட்டேன்.

மறுநாள் அட்டை அப்பளம்போல் விறைத்திருந்தது. அதை வைத்து ஒவ்வொரு தகட்டிலும் நாலு ஓட்டை போட்டேன். ஒன்றிலும் போல்ட் நுழையவில்லை. அட்டை காய்ந்து சுருங்கியிருந்தது. பக்கத்திலேயே புதிதாக நாலு ஓட்டை போட வேண்டியதாயிற்று. டிரையர் பார்க்கும் மாணிக்கம் தலையில் கை வைத்துக்கொண்டான்: “எல்லாரும் எலையத்தான் காய வெப்பானுங்க. நீ அளவையே காய வெச்சிட்டியேடா.”

பொண்ணு வீட்டுத் திசை

கார்புரேட்டர் சட்டத்தில் இடித்தது. அதனால் இஞ்சினை மறுபக்கம் திருப்பி வைத்து, செயினையும் வலப்பக்கம் மாற்றினேன். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, இஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்ததும் பின்சக்கரம் சுழன்றது. ஃபேக்டரியே கைதட்டியது. ஏறி உட்கார்ந்து ஸ்டாண்டிலிருந்து இறக்கினேன். வண்டி என்னைச் சுமந்துகொண்டு பின்னால் பாய்ந்தது. இஞ்சினைத் திருப்பினால் சக்கரமும் எதிர்த்திசையில் சுற்றும் என்பது, தேயிலைத்தூள் மூட்டைகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. ஆபீஸ் வாசலில் நின்ற, கணக்கெழுதும் கிராணி கையை நீட்டிக் காட்டினார்: “முத்து, பொண்ணு வீடு அந்தப் பக்கம் லா.”

ஞாயிற்றுக்கிழமை

கார்புரேட்டர் இடித்த சட்டக் கம்பியைச் சுத்தியலால் உள்ளே தட்டிவிட்டு, இஞ்சினையும் செயினையும் பழைய பக்கத்துக்கே திருப்பி, இஞ்சினைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். அதற்கு இன்னும் நாலு ஓட்டை. ஆக, தகட்டுக்குப் பன்னிரண்டு. ஞாயிறு காலை வெள்ளைச் சட்டையில் கிளம்பினேன். வண்டி முன்னால்தான் போனது. ஆனந்தத்தில் பாடினேன், அதிர்வில் என் பற்களே தாளம் போட்டன. கடைசி மேட்டில் அதே அதிர்வு போல்ட்டுகளையும் கழற்றிவிட்டது. இஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுபோனது. மிச்ச மேட்டைத் தள்ளிக்கொண்டே ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது சட்டை கறுத்திருந்தது.

கங்காணி வாசலில் நின்றார். “நடந்துதானே வந்தே?” லெட்சுமி வெளியே வந்து குனிந்து பார்த்தாள். “இது தகடா, இடியாப்பத் தட்டா?” என்று என்னைக் கேட்டாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள்: “இவ்ளோ பாரத்த மேட்டுல ஏத்திக் கொண்டாந்திருக்காரு. ஒரு அவசரம்னா என்னைத் தூக்க மாட்டாராப்பா?”

கங்காணி டீயும் கொடுத்தார், பெண்ணையும் கொடுத்தார். புது போல்ட்டுகளோடு வண்டி பல வருஷம் ஓடியதால் அவளைத் தூக்கவேண்டிய அவசரம் எனக்கு வரவே இல்லை. இப்போது மிஞ்சியிருப்பது நாலு ஓட்டை போதுமான இடத்தில் பன்னிரண்டு ஓட்டையோடு கொல்லைக் கதவுக்கு முட்டாக நிற்கும் ஒரு தகடு.