தொங்கவிட்ட சங்கிலி

என் குளியலறைக்கு நேர் மேலேதான் தையலக்காவின் கழிப்பறை. அங்கே ஃபிளஷ் டேங்க் ஓயாமல் ஓட ஆரம்பித்ததும் என் நிம்மதியும் போயிற்று. இரண்டு வீட்டுக்கும் மொட்டைமாடியில் ஒரே தண்ணீர்த்தொட்டி. முகத்தில் சோப்பைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடி குழாயைத் திருகினால் வெறும் காற்றுதான் வரும். ஒரு நாள் சண்டை போடுவதென்றே படியேறினேன். அவளிடம் சண்டை போட்டு ஜெயித்தவர்கள் யாருமில்லை என்பது பாதிப் படியில்தான் நினைவுக்கு வந்தது.

அவள் எனக்குச் சொந்தமில்லை, ஆனால் தெருவுக்கே அக்கா. பள்ளிச் சீருடைகள் தைப்பாள். கணவர் போன பிறகு தனியாகத்தான் இருக்கிறாள். துணியில் ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் போதும், அவளுக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிடும். பேசிக்கொண்டே கத்தரிக்கோலோடு கிட்டே வந்து, நம் மேலிருக்கும் எதையாவது நறுக்கிவிட்டுத்தான் நகர்வாள். என் புதுச் சால்வையில் அழகுக்காக வைத்திருந்த குஞ்சங்களில் பாதி அப்படித்தான் போயின. மீதியை நான் ஓடித் தப்பித்துக் காப்பாற்றினேன்.

நான் உள்ளே நுழைந்தபோது அவள் அண்ணனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். கை இரண்டும் மிஷினில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

“அது என்ன சத்தம், மழையா?”

“டேங்க் ஓடுது.”

“இன்னுமா? போன தடவை பேசினப்பவும் ஓடிச்சே! போதும், நீ தனியா இருந்து கிழிச்சது. ஞாயித்துக்கிழமை வண்டியோட வரேன். மிஷினை ஏத்திக்கிட்டு என்கூடக் கிளம்புற. அவ்வளவுதான்.”

போனை வைத்தவள், தைத்துக்கொண்டிருந்த காலரை முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

“நல்லவன்தான். அவன் வீட்டுல எனக்கு ஒரு குறையும் வராது. நேரத்துக்குச் சாப்பாடு போடுவாங்க, ஒரு வேலையும் செய்யவிட மாட்டாங்க. உக்காந்து உக்காந்தே நான் செத்துப்போவேன்.” பிறகு கழிப்பறைப் பக்கம் திரும்பி முறைத்தாள். “அவன் வர்றதுக்குள்ள இது வாயை மூடணும்.”

சண்டை போட வந்த நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். பிளம்பர் தினமும் “இதோ கிளம்பிட்டேன்கா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கிருந்து கிளம்பினாரோ, வந்து சேர்ந்தபாடில்லை.

டேங்கின் மூடியைத் தூக்கிக் கீழே வைத்தாள். உள்ளே பெரிய மர்மம் ஒன்றுமில்லை. அடியில் ஒரு துளை, அதை மூட ஒரு ரப்பர். ரப்பரிலிருந்து ஒரு சங்கிலி மேலே போய்க் கைப்பிடியில் மாட்டியிருந்தது. கைப்பிடியை அழுத்தினால் சங்கிலி ரப்பரைத் தூக்கும், தண்ணீர் இறங்கும். பிறகு ரப்பர் தானாக உட்கார்ந்து துளையை மூடவேண்டும். அந்த ரப்பர்தான் வெயிலில் காய்ந்த செருப்பாக வளைந்து கிடந்தது. அதைக் கையோடு கடைக்கு எடுத்துப்போய், அதே அளவில் புதிதாக ஒன்று வாங்கிவந்தாள். பழைய சங்கிலியிலேயே மாட்டினாள்.

மாட்டியதும் சங்கிலி கொஞ்சம் தொங்கியது. அவளுக்குப் பொறுக்குமா? குறட்டால் மிச்சத்தை நறுக்கி, கைப்பிடிக்கும் ரப்பருக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல விறைப்பாக மாட்டினாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் தண்ணீர் நிற்கவில்லை.

அப்புறம் அவள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. துளையின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்தாள். ரப்பரைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் போனாள். “ரப்பர் நல்லாத்தான்க்கா இருக்கு,” என்று அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். துணிக்குப் போடும் நீலத்தை டேங்கில் கரைத்துவிட்டுக் காத்திருந்தோம். கீழே பீங்கானில் நீலம் இறங்கிற்று. துளை மூடவில்லை என்பது உறுதியாயிற்று. ஏன் மூடவில்லை என்பதுதான் தெரியவில்லை.

“விடுங்கக்கா, வேற பிளம்பரைப் பாக்கலாம்,” என்றேன்.

“பாக்கலாம். இதுகிட்டத் தோத்துட்டேன்னு ஆனப்புறம் பாக்கலாம்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி டார்ச்சோடு நின்றேன். அவள் கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டு, ரப்பரை விரலால் அழுத்தினாள். சத்தம் நின்றது. கூடவே சங்கிலி இழுபட்டுக் கைப்பிடி ஆடியது. விரலை எடுத்ததும் மறுபடி ஓடியது. அவள் சங்கிலியைக் கைப்பிடியிலிருந்து கழற்றினாள். அவ்வளவுதான், வீடே அமைதியாயிற்று.

“அடச்சீ! சங்கிலி இறுக்கிப் பிடிச்சிருந்தா ரப்பர் எப்படி உக்காரும்? என் கைதான் எனக்கு எமன்!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். தலையெல்லாம் தண்ணீர். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. குஞ்சங்களுக்குப் பழிவாங்கிய திருப்தியும் கொஞ்சம் இருந்தது.

நறுக்கிய சங்கிலி நறுக்கியதுதான். பை தைக்கும் நைலான் நூலை நாலாக முறுக்கி அதில் முடிந்து, நீளத்தைக் கூட்டினாள். வேண்டுமென்றே கொஞ்சம் தொங்கவிட்டாள். ஒழுங்காகத் தைக்கத் தெரிந்தவள் அதைப் பார்த்து நின்றது எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் ஃபிளஷ் பண்ணினால் நீர் இறங்கியது, நிரம்பியது, நின்றது. திரும்பத் திரும்பப் பண்ணிப் பார்த்தாள். நான் மொட்டைமாடித் தொட்டியை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

வாசலில் சரக்கு வண்டி வந்து நின்றது. அண்ணன் ஒரு கட்டுக் கயிற்றோடு படியேறி வந்தார். அவர் உட்காரும் முன்பே அவள் சொல்லிவிட்டாள்.

“அண்ணா, நான் வரல.”

“ஒரு டேங்கைச் சரிபண்ண முடியல, பேச்சைப் பாரு!” என்று அவர் நேராகக் கழிப்பறைக்குப் போய்க் கைப்பிடியை அழுத்தினார். மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். நீர் நிரம்பி நின்றது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தார்.

“நூலால கட்டி வச்சிருக்க! அதுவும் இப்படித் தொளதொளன்னு. தள்ளு, நான் இழுத்துக் கட்டுறேன்.”

அவர் கை உள்ளே போகுமுன் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“வேணாம்ணா. நல்லதுன்னு நினைச்சுத்தான் நானும் இழுத்துக் கட்டினேன். அதனாலதான் புது ரப்பர் போட்டும் ஓடிக்கிட்டே இருந்திச்சு.”

அவர் சங்கிலியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கையை விலக்கிக்கொள்ள நேரமாயிற்று. கயிற்றுக்கட்டை மிஷின் மேல் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் வாடிப்போயிருந்தது.

“உனக்கு ஒண்ணும் வேண்டாம்னா, அப்புறம் அண்ணன்னு நான் எதுக்கு இருக்கேன்?”

அக்காவின் கண் கலங்கிவிட்டது. கயிற்றை எடுத்து அவர் மடியிலேயே வைத்தாள்.

“பாக்கறதுக்கு வா. உக்காந்து பேசு, சாப்பிட்டுட்டுப் போ. வாராவாரம் வா. வண்டிதான் வேணாம்.”