மெகல்லன் சுற்றாத உலகம்

நாளிதழின் ஞாயிறு இணைப்புக்குப் பதினோரு வருடமாகப் புரூஃப் பார்த்தவள் அவள். அதில் குறுக்கெழுத்துப் போட்டவர் அவளுடைய அக்காள் கணவர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ‘கட்டம் சார்’. பழைய காலத்து மாலுமிகள் என்றால் அவருக்கு உயிர். யார் எந்த முனையைத் தாண்டினார், எந்தக் கப்பல் எங்கே தரைதட்டியது என்று வாரம் ஒரு குறிப்பாவது கட்டத்துக்குள் வந்துவிடும். பாதி சரி, பாதி கேள்விஞானம். தப்பை அவள் திருத்துவாள். அவர் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வார். வீட்டு விருந்தில் எல்லோர் முன்னாலும், "இவளுக்குக் கமா போடத்தான் சம்பளம்" என்று சிரிப்பார். அக்காளும் சேர்ந்து சிரிப்பாள். அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

ஒரு வியாழக்கிழமை அவரிடமிருந்து வந்த குறுக்கெழுத்துத் தாளில், இடமிருந்து வலம் ஏழு: ‘உலகைக் கப்பலில் முதன்முதலாக முழுதும் சுற்றி வந்தவர்’. விடை, மெகல்லன்.

தாளை எடுத்துக்கொண்டு, கேண்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம் போனாள்.

"அத்தான், மெகல்லன் பாதி வழியிலயே ஒரு தீவுச் சண்டையில செத்துட்டாரு. கப்பலைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தது எல்கானோ."

"எல்கானோவுக்கு நாலு எழுத்து. என் கட்டத்துல அஞ்சு."

"அப்ப குறிப்பை மாத்துங்க. பயணத்தைத் தொடங்கினவர்னு போட்டா போதுமே."

"எனக்குச் சொல்லித்தர நீ யாரு? உன் வேலை எழுத்துப்பிழை. அதோட நில்லு."

பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றது. தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் திருத்தத்தை எழுதி நீட்டினாள். அவர் அதைக் குறுக்கே அடித்து, ‘உள்ளபடியே போகட்டும்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அதன்படியே கட்டத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டு, தாளை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வரட்டும், ஊரே பார்க்கட்டும் என்று இருந்துவிட்டாள்.

ஞாயிறு இணைப்பு வெளிவந்தது. புதன்கிழமைக்குள் நாற்பது கடிதம். ஆசிரியர் இருவரையும் கூப்பிட்டார்.

"நான் சரியாத்தான் குடுத்தேன் சார். புரூஃப்ல மாத்திட்டாங்க" என்றார் கட்டம் சார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அவள் எழுந்துபோய் அந்தத் தாளைக் கொண்டுவந்து வைத்தாள். ஆசிரியர் இரண்டு முறை படித்தார்.

"தெரிஞ்சும் நீ ஏம்மா எங்கிட்ட வரல?"

"எழுத்துப்பிழையோட நிக்கச் சொன்னாரு சார். நின்னுட்டேன்."

அடுத்த வாரத்திலிருந்து குறுக்கெழுத்து அவள் கைக்கு வந்தது. ஆசிரியர் கூப்பிட்ட அன்று சாயங்காலமே அக்காள் போன் செய்தாள்.

"சொந்த மனுஷரை இப்படியா சந்தி சிரிக்க வைப்ப? ரெண்டு வாய் சோறு இறங்கல அவருக்கு. இப்ப உனக்கு மனசு குளிர்ந்துச்சா?"

"குளிர்ந்துச்சு" என்றாள் அவள். அக்காள் போனை வைத்துவிட்டாள்.

இரண்டு வருடம் கழித்து, அக்காள் மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்ட செய்தியை மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். அன்று போட்ட கட்டத்தில் ஒரே வார்த்தை இரண்டு இடத்தில் விழுந்துவிட்டது. சுட்டிக்காட்டி எழுதிய வாசகர்களுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதினாள். அக்காளுக்கு எழுதவில்லை.