படத்து வாப்பாவின் குரல்

எங்கள் வாப்பாவுக்கு ஒரு கிழமை, ஏழு நாள் முழுக்க, வேறொருவரின் குரல் இருந்தது. சவூதியிலிருந்து வந்த மாமா, அதாவது உம்மாவின் தம்பி, ஒரு டெலிவிஷனும் வீடியோ டெக்கும் கொண்டுவந்திருந்தார். அதில் நாங்கள் பார்த்த முதல் படத்தில் ஒரு பணக்காரத் தகப்பன். அவர் வாயைத் திறந்தால் தூண் அதிரும். வாப்பாவோ எங்கள் ஊர் நற்பிட்டிமுனையிலேயே மெதுவாகக் கதைக்கிற ஆள். வயலில் மாட்டைக்கூட அதட்டத் தெரியாதவர் என்று பேர். படம் பார்த்த மறுநாள் அவர் பிளேன்ரீ கேட்டதே அந்தக் குரலில்தான். உம்மா சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டு ஊற்றிக் கொடுத்தாள்.

அந்தக் குரல் என் மூத்தவள் ராத்தாவின் மேல் பாயும் என்று யாரும் நினைக்கவில்லை.

ராத்தா ஓ.எல். சோதனை பாஸ் பண்ணியிருந்தாள். மேலே படிக்கக் கல்முனைக்கு பஸ்ஸில் போக வேண்டும். குமர்ப் பிள்ளையை பஸ்ஸில் அனுப்புவதா என்று வாப்பா இழுத்துக்கொண்டே இருந்தார். ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் பேர் கொடுக்கும் கடைசி நாள் நெருங்கிவிட்டது. ராத்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு ஒன்பது வயது. அவள் கல்முனைக்குப் போனால் எனக்கு வளையல் வாங்கி வருவாளா என்பதுதான் என்னுடைய கவலை.

நோன்பு வருகிறதென்றால் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு அரிசி மா இடித்து வறுப்பார்கள். அன்று எங்கள் முறை. பெரிய தாச்சியில் மாவைப் போட்டு உம்மாவும், மாமாவின் மனைவியான மாமியும் மாறி மாறிக் கிளறினார்கள். அலுப்புத் தெரியாமல் இருக்க, வாசிகசாலையில் எடுத்த ஒரு பழைய நாவலை ராத்தா வாசித்துக் காட்டினாள். அதில் ஒரு பதினாறு வயதுப் பெண். யாரோ ஒரு கிழவனுக்கு அவளைக் கட்டிக்கொடுக்கப் பார்க்கிறார்கள். அவள் கத்தவில்லை, கூப்பாடு போடவில்லை. மாட்டேன் என்று ஒரு சொல் சொல்கிறாள். அதை யாரும் காதில் வாங்காததால் ஒரு விடியற்காலையில் பின்கதவைத் திறந்து போய்விடுகிறாள்.

மாமிக்குப் பொறுக்கவில்லை. "அடங்காப்பிடாரி. பெத்தவங்கட முகத்துல கரியப் பூசிட்டுப் போறாளே."

ராத்தா புத்தகத்தை மூடினாள். "அப்ப படத்துல வந்த பொடியன்?"

"அவன் பாவம் புள்ள. வயசு அப்படி."

படத்தில் அந்தப் பணக்காரருக்கு ஒரு மகன். அவனுக்கும் அதே வயதுதான். சோற்றுக் கோப்பையைச் சுவரில் எறிந்தான், நிலைக்கண்ணாடியை உடைத்தான், தகப்பனின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அவன் போனதற்கு மாமி அழுத அழுகையில், படத்தில் அடுத்து என்ன கதைத்தார்கள் என்று எங்களுக்குக் கேட்கவேயில்லை.

"அவன் இருக்கிற சாமானெல்லாம் ஒடச்சான், நீங்க அழுதீங்க. இவ ஒரு கோப்பையக்கூட ஒடைக்கல்ல. மாட்டன் எண்டுதான் சொன்னா. இவ அடங்காப்பிடாரியா? இது என்ன ஞாயம் மாமி?"

"அவன் திரும்பி வந்துட்டானே" என்றாள் உம்மா.

"ஓம், வந்தான். தகப்பன் கட்டிப்புடிச்சார். இவ திரும்பி வந்தா கதவத் தொறப்பாங்களா உம்மா?"

உம்மா மாமியின் கையிலிருந்த அகப்பையை வாங்கிக் கிளறத் தொடங்கினாள்.

அந்த நேரம் பார்த்து வாப்பா வயலிலிருந்து வந்தார். சேற்றுக் காலோடு நின்று கடைசிப் பேச்சைக் கேட்டிருக்கிறார். ராத்தா எழும்பி நின்றாள். "வாப்பா, திங்கக்கிழம பேர் குடுக்கிற கடைசி நாள்" என்றாள். குரல் உயரவில்லை, ஆனால் குனியவும் இல்லை.

மாமிக்கு முன்னால் மகள் இப்படிக் கேட்டதில் வாப்பா தடுமாறிப்போனார். சொந்தமாக ஒரு சொல்லும் வரவில்லை போலும். படத்துக் குரல்தான் வந்தது. கைகூட அதே மாதிரி மேலே போனது. "இந்த ஊட்டுல இரிக்கிறதெண்டா நான் சொல்றதக் கேட்டுத்தான் இரிக்கணும்."

படத்தில் அது சரியான வசனம். எங்கள் ஊரில்தான் அது பொருந்தாது. இங்கே பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேருவார். வாப்பாவும் அப்படி மருதமுனையிலிருந்து வந்தவர். அந்த வீடும் வளவும் கிணறும் அதிலிருந்த தென்னைகளும் உம்மாவின் பேரில் இருந்தவை. படம் எடுத்தவர்களுக்கு அது தெரிய நியாயமில்லை. வாப்பாவுக்குத் தெரியும். குரல் பிடித்த வேகத்தில் மறந்துவிட்டார்.

உம்மா தலையை நிமிர்த்தாமல், தாச்சியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இது யார்ர ஊடு?"

குர்ஆன் ஓதுகிற இடத்திலும் பள்ளிக்கூடத்திலும் கேள்வி கேட்டால் முதலில் கை தூக்குகிறவள் நான். இவ்வளவு லேசான கேள்விக்கு எல்லாரும் ஏன் முழிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

"உம்மாட ஊடு" என்றேன்.

மாமி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். வாப்பா என்னைப் பார்த்தார், உம்மாவைப் பார்த்தார். மேலே போன கை மெதுவாக இறங்கிப் பிடரியைச் சொறிந்தது. பிறகு அவருடைய பழைய குரல் வந்தது. ஒரு கிழமைக்குப் பின்னர் அதைக் கேட்க எவ்வளவு ஆசையாக இருந்தது.

"தனியப் போக வேணாம். திங்கக்கிழம நானே கூட்டிட்டுப் போறன்."

சொல்லிவிட்டுக் கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார். ராத்தா புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள், சிரிக்கவும் செய்தாள். யாரும் கவனிக்காமல் ஒரு தாச்சி மா கருகிப்போனது. அந்த நோன்பு முழுக்க எங்கள் வீட்டு இடியப்பம் மண் நிறத்தில்தான் இருந்தது. வாப்பா ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டார்.

உம்மா கருகிய மாவைச் சுளகில் கொட்டினாள். பாதி மா சுளகுக்கு வெளியே சிந்தியது. நெருப்படியில் நின்ற களைப்பு என்று நினைத்தேன். ஐந்தாம் வகுப்போடு உம்மாவைப் படிப்பிலிருந்து நிறுத்தியதும், அப்போது மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வராமல் போனதும் எனக்குத் தெரியாது. கலியாணம் முடித்த நாளிலிருந்து, வீடு யாருடையது என்ற அந்தக் கேள்வியை அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பதும் தெரியாது. சரியான விடை சொன்ன எனக்கு ஏன் ஒருவரும் கெட்டிக்காரி என்று சொல்லவில்லை என்று, அந்திப்படும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.