லாரியில் வந்த தரை

ஊரே மிதிக்கப்போவதை முதலில் முட்டி தேய ஊர்ந்து பார்க்கிறவன்தான் தரை போடுகிறவன். பலகை வீட்டில் குடியிருந்து, மூக்குத்தித் திருகை இடுக்கில் தவறவிட்டு, வெளியே ஓடிக் குனிந்து தேடிய புண்ணியவான்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்!

வெள்ளைக்காரன் காலத்து அவசரகாலத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகக்கூடாதென்று எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளைக் காலிசெய்து, எல்லாரையும் முள்கம்பி வேலிக்குள் கொண்டுவந்தார்கள். வீடுகள் சிரம்பானிலிருந்து துண்டு துண்டாக லாரியில் வந்தன. பலகையடித்த சதுரச் சட்டங்களைக் கட்டைக்கால்கள்மேல் வைத்து முடுக்கினால் தரை. பதினேழு வயதில் எனக்கு அதுதான் வேலை. வேலை வாங்கும் மண்டோர், கணக்கெழுதும் கிராணி, தோட்டத்துத் துரை எல்லார் குரலிலும் பேசுவது சம்பளமில்லாத உபரி வேலை.

வெள்ளிக்கிழமை மழை

செல்லம்மா அக்கா பால்மரம் வெட்டிப் பாலெடுக்கிறவர். லயத்தில் மண்தரையைச் சாணி போட்டு மெழுகிய கை சும்மா இருக்குமா? புது வீட்டின் முதல் வெள்ளிக்கிழமை ஒரு வாளி சாணித் தண்ணீரைப் பலகைமேல் ஊற்றிவிட்டார். பச்சை மரம் காய்ந்து இடுக்கு விட்டிருந்ததால் அத்தனையும் கீழே போனது. கீழே, யாராவது அரிசி ஒளித்திருக்கிறார்களா என்று ஒரு போலீஸ்காரர் தவழ்ந்துகொண்டிருந்தார். பச்சைப்பசேலென்று வெளியே வந்தவரை அக்கா எட்டிப் பார்த்தார்.

"உள்ள வந்து தேடியிருந்தா காலு மட்டும்தானே நனைஞ்சிருக்கும் தம்பி!"

பூட்டிய வீடு

அக்காவின் கணவர் வீராயன் மாமாவுக்குக் கண் தெரியாது. லயத்தில் தனியாகவே தண்ணீர்க் குழாய்வரை போய்வருவார். இங்கே எல்லா வீடும் ஒரே அச்சு. இரண்டு தடவை அடுத்தவர் வீட்டில் போய் உட்கார்ந்தார். மூன்றாம் தடவை கை முள்கம்பியில் பட்டது. காவலாளி துப்பாக்கியைத் தூக்கிவிட்டான். பக்கத்து வீட்டுக்காரர்கள் கத்தியதால் உயிர் தப்பியது. வேலைக்குப் போகும்போது மாமாவை உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும் என்று கிராணி உத்தரவு போட்டார். அக்கா அழுதுகொண்டே பூட்டினார்.

மறுநாள் காலை அந்த வாசலில் நின்று, விடியலில் ஆள் கணக்கெடுக்கும் மண்டோர் குரலில் அதட்டினேன்: "யோவ் வீராயா! பெரட்டுக்கு ஏன் வரல?"

உள்ளே மாமா சிரித்தார். "குரல் மண்டோரோடதுதான். மிதி உன்னோடது. அந்த ஆளு மிதிச்சா பலகை ரெண்டு தரம் முனகும்."

நானும் சிரித்தேன். அப்புறம் மாமா குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"சரி, சிரிச்சாச்சு. கதவத் தெறந்து விடு தம்பி, வெளிக்குப் போகணும்."

திருப்பிப் போட்ட சட்டம்

சாவி என்னிடம் இல்லை, ஸ்பேனர் இருந்தது. வீட்டுக்கு அடியில் புகுந்து, பின்பக்கத்துச் சட்டம் ஒன்றைக் கழற்றி, மாமாவைத் தரை வழியாகவே இறக்கினேன். போய்விட்டு வந்ததும் அதே வழியாக ஏற்றி, அவசரத்தில் சட்டத்தை மாட்டினேன்.

உள்ளே நடந்தவர் நின்றார். "டேய், இங்க பலகை குறுக்கால ஓடுது."

சட்டத்தைக் குறுக்குவாட்டில் மாட்டியிருந்தேன். திட்டு வாங்கப்போகிறேன் என்று நினைத்தபோதுதான் மண்டையில் உறைத்தது. எந்த வீட்டிலும் வாசல்பலகை உள்நோக்கித்தான் ஓடும். இங்கே வாசல் சட்டத்தையும் குறுக்கே திருப்பினால் மாமாவின் காலுக்குத் தன் வீடு தெரிந்துவிடாதா?

திருப்பினேன். சாயங்காலம் கிராணி பார்த்துவிட்டார். "பிளான்ல இப்படியா இருக்கு? மாத்துடா!" மாற்றினால் மாமாவுக்கு என்றைக்கும் பூட்டுதான். விஷயத்தைச் சொன்னேன். இந்த ஒருமுறை யார் குரலும் வரவில்லை. என் குரல்தான் வந்தது.

கிராணி நம்பவில்லை. மாமாவைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டார். மாமா நடந்தார். முதல் வாசலில் கால் வைத்தார், இறங்கிவிட்டார். அடுத்த வாசல், அதுவும் இல்லை. அக்கா முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றார். மூன்றாம் வாசலில் பெருவிரலால் இடுக்கைத் தேய்த்துப் பார்த்து, அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "செல்லம்மா, கோப்பி போடு."

கிராணி கதவிலிருந்து பூட்டைக் கழற்றி அக்கா கையில் கொடுத்தார். என்னைப் பார்த்து விரலை நீட்டினார்.

"தப்பாத்தான் போட்டிருக்க. இருக்கட்டும்லா."

அந்த வாரமே மூன்று வீட்டார் "எங்களுக்கும் அப்படியே திருப்பிப் போடு" என்று வந்து நிற்க, ஊரில் எல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் ஒரு கோணல் உதவும் என்று உபதேசம் செய்யும் கதிக்கு நானும் வந்துவிட்டேன்.