வானத்திலிருந்து இறங்கும் தீ

ஊருக்குள் தீயணைப்பவர்கள் தீயைத் தேடிப் போவார்கள். விமான நிலையத்தில் எங்களுக்கு அது வானத்திலிருந்து இறங்கி வரும். ஐம்பதுகளின் கடைசியில் சிங்கப்பூரின் பாய லேபார் விமான நிலையத்தில் நுரை வண்டிப் பணியில் சேர்ந்தேன். மணி எப்போது அடிக்குமோ என்று சோற்றில் கை வைத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் வேலை உங்களுக்கும் வாய்த்திருந்தால், என் பாடு புரியும்.

வெள்ளை மேடு

முதல் பயிற்சியன்று ஒரு பழைய விமானக் கூட்டைக் குழிக்குள் வைத்துப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். அனலில் என் முகம் தானாகத் திரும்பிக்கொண்டது. வண்டி ஓட்டிய காதர் நானாவோ தீயை நோக்கி நேராகப் போனார். வண்டியின் கூரைமேல் நின்று நுரைப் பீரங்கியைத் திறந்தேன். வெள்ளை நுரை பெரிய வளைவாகப் பாய்ந்து விழுந்தது. மரத்தின் உயரத்துக்கு எரிந்த தீ, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதனடியில் அடங்கிப்போனது.

வெயிலில் ஒரு வெள்ளை மேடு மட்டும் மிச்சம். பனியையே பார்த்திராத நாங்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தோம். காதர் நானா மெல்லச் சொன்னார்: "தண்ணி தீயை அடிக்கும் தம்பி. இது போர்வையப் போத்தித் தூங்க வைக்குது."

பஸ்ஸில் தனி இருக்கை

அந்த நுரைக் கரைசல் மாட்டுக் கொம்பிலும் குளம்பிலும் செய்தது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் நாற்றம் போகாது. பஸ் எவ்வளவு நெரிசலாக இருந்தாலும் என் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். ஜாலான் புசாரில் கடைக்கு மேல் மாடியறையில் குடியிருந்தோம். ஒருநாள் நான் கதவைத் தட்டும் முன்பே என் மனைவி சரோஜா திறந்தாள்: "நீங்க படியேறும்போதே தெரிஞ்சுருச்சு. சுடுதண்ணி வச்சுட்டேன், நேரா குளிக்கப் போங்க."

மூக்குச் சக்கரம்

ஒரு பிற்பகல் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து தகவல் வந்தது. ஒரு பயணி விமானத்தின் முன்சக்கரம் இறங்கவில்லை. எரிபொருளைக் குறைக்க அது ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தது. நாங்கள் ஓடுபாதையில் நுரையைப் பாயாக விரித்துவிட்டு ஓரத்தில் காத்திருந்தோம். காதர் நானாவின் உதடு பிரார்த்தனையில் அசைந்துகொண்டிருந்தது.

பின்சக்கரங்கள் தரையைத் தொட்டன. எங்கள் வண்டி அதன் பக்கவாட்டில் பறந்தது. பீரங்கியைப் பிடித்தபடி பார்த்தேன்: அத்தனை பெரிய விமானம், தூக்கிய மூக்கை மெதுவாக, மிக மெதுவாக நுரையில் இறக்கியது. உலோகம் உரசும் ஓசை உடம்புக்குள் ஓடியது. பொறி பறந்தது, பறந்த இடத்திலேயே நுரை அதை விழுங்கியது. விமானம் சறுக்கி, சாய்ந்து, நின்றது. தீ வரவில்லை. பீரங்கியை விட்டுவிட்டுக் கீழே குதித்தேன்.

முன்கதவு தரைக்கு அருகில் இருந்ததால் ஒவ்வொருவராகக் கைபிடித்து இறக்கினோம். கைக்குழந்தையோடு ஒரு தமிழ்ப் பெண் இறங்கினார். நுரையில் கணுக்கால்வரை நின்றுகொண்டு, எங்கள் வண்டியையே பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "கண்ணை மூடிக்கலாம்னு இருந்தேன். ஜன்னல்ல இந்தச் சிவப்பு வண்டி எங்க கூடவே ஓடி வந்துச்சு. அதையே பாத்துக்கிட்டு வந்துட்டேன்."

இத்தனை வருஷம் என்ன சாதித்தாய் என்று யாராவது கேட்டால், பெரும்பாலும் ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.