பினாங்கு போக உத்தரவு

பி.ஏ. முடித்து இரண்டு வருஷம் நான் ஊரில் சும்மா இருந்தேன். மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சும்மா என்றால் வேலை செய்யாமல் அல்ல. கேழ்வரகுக் கொல்லையில் களை எடுத்தேன், மாடு மேய்த்தேன், மாடு பூட்டிக் கவலை ஓட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்தேன். ஊர்க்காரர்கள் அதை வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏரிக்கரையில் என்னைக் கண்டால், "பி.ஏ. மாட்டுக்குத் தண்ணி காட்ட வருதுங்க, வழி வுடுங்க" என்பார்கள். பிறகு மழை தவறியது. கிணற்றின் அடியில் பாறை தெரிந்தது. கவலை ஓட்டும் வேலையும் நின்றது.

அப்போதுதான் எனக்குப் பினாங்கில் இங்கிலீஷ் வாத்தியார் வேலை கிடைத்தது. முப்பதுகளின் கடைசி. கிடைத்த இடம் சேலத்தில் ஒரு ஜவுளிக் கடையின் மாடி. பினாங்கில் தமிழ் வியாபாரிகள் தங்கள் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார்கள். அதன் கமிட்டிக்காரர் ஒருவர் கீழ் வகுப்புகளுக்கு ஆள் பிடிக்க வந்திருந்தார். பருத்த மனிதர். வீங்கிய காலை ஒரு முக்காலிமேல் நீட்டியிருந்தார். பழைய இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றைக் கொடுத்து, கப்பல்கள் வரும் நேரம் போட்டிருந்த பத்தியை உரக்கப் படிக்கச் சொன்னார். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மீன் திம்பியா?"

"திம்பேனுங்க."

"கடலப் பாத்திருக்கியா?"

"இல்லீங்க."

"நல்லது. பாத்தவன்தான் பயப்படறான்."

பிறகு விஷயத்துக்கு வந்தார். முந்தைய முறை அவர் பிடித்த ஆள் மெட்ராஸ் துறைமுகம்வரை வந்தானாம். தாயார் மண்ணில் விழுந்து அழுததைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டானாம். "இந்தத் தடவ அப்படி ஏமாற மாட்டேன். வெள்ளிக்கெழமைக்குள்ள உங்க வூட்டுப் பெரியவர் ஒருத்தர் வந்து, உன் ஆத்தாளுக்குச் சம்மதம்னு எங்கிட்ட நேர்ல சொல்லணும். இல்லைன்னா கீழ ஒக்காந்திருக்கறவரக் கூப்பிட்டுக்குவேன்." கீழே துணி மூட்டைகளுக்கு நடுவே கோட்டுப் போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்ததை நான் மாடி ஏறும்போதே பார்த்திருந்தேன்.

எங்களுக்கு அப்பா இல்லை. வீட்டுக்குப் பெரியவன் அண்ணன். நான் போவதில் அவனுக்கு மகிழ்ச்சி. அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அவளுடைய தம்பி ஒரு கங்காணியின் பின்னால் மலாய் நாட்டு ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை.

"அவன் போறப்ப ஒருத்தரும் சாமியக் கேக்கல. இவனுக்குக் கேளுங்க. முனியப்பன் உத்தரவு குடுத்தா நான் குறுக்க நிக்கல" என்றாள்.

கேட்கும் முறை இது. கிடாவுக்கு மாலை போட்டு முனியப்பன் முன்னால் நிறுத்துவார்கள். பூசாரி மஞ்சள் தண்ணீரை அதன் தலையிலும் முதுகிலும் ஊற்றுவார். கிடா உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். எங்கள் பக்கத்தில் அதைத் துலுக்குவது என்போம். துலுக்கினால் உத்தரவு, நின்றபடி நின்றால் இல்லை. தண்ணீர் காதுக்குள் போகக் கூடாது என்பது கட்டாயம். காதில் தண்ணீர் போனால் எந்த ஆடும் உதறும். அதைச் சாமியின் வாக்காக எடுத்துக்கொள்ள முடியாது.

வியாழக்கிழமை காலை நிறுத்தினோம். கிடா துலுக்கவில்லை. மாலையில் இருந்த வேப்பிலையைத் தின்றது. வெயில் ஏறியது. முதுகில் ஊற்றிய தண்ணீர் காய்ந்து, மஞ்சள் ரோமத்தில் திட்டுத் திட்டாக ஒட்டியது. பூசாரி மறுபடி ஊற்றினார். உறவுக்காரர்கள் புளியமர நிழலுக்கு நகர்ந்தார்கள். அங்கிருந்து ஒரு சித்தப்பா, "டேய் பி.ஏ., நீ இங்கிலீசுல கேட்டுப் பாருடா. நம்ம பாச அதுக்குப் புரியல போல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மறுநாள் வெள்ளி. கோட்டுக்காரர் இன்னும் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிடா இத்தனை நேரம் நின்றால், குடும்பத்தில் யாருக்கோ மனக்குறை இருக்கிறது என்று பொருள். குறை உள்ளவர்கள் முன்னால் வந்து அதைச் சொல்லித் தீர்த்துக்கொள்ள வேண்டும். பூசாரி அழைத்தார். ஒரு பெரியப்பா வந்து, வரப்புத் தகராறில் அண்ணன் தன்னை மரியாதை இல்லாமல் பேசியதைச் சொன்னார். அண்ணன் அவர் காலில் விழுந்தான். பிறகு அண்ணி வந்தாள். அண்ணனுக்குக் கல்யாணம் ஆகிச் சில மாதங்களே ஆகியிருந்தன.

"எனக்கு ஒரு கொற இருக்குதுங்க. இந்த வூட்டு ஆம்பளைங்க ரெண்டு பேரும் ஒரு நாளாச்சும் கொழம்பு நல்லாருக்குதுன்னு சொன்னதில்லீங்க."

"அத முனியப்பனே தின்னு பாத்துட்டுத்தான் சொல்லணும்" என்றார் சித்தப்பா. மறுபடி சிரிப்பு. கிடா நின்றது.

மிச்சம் இருந்தது அம்மா. அது எல்லாருக்கும் தெரியும். பூசாரி சொம்பை அவளிடம் நீட்டி, "மனசாரச் சொல்லி நீயே ஊத்து ஆத்தா" என்றார்.

அவள் எழுந்து வந்தாள். உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்பது கேட்கவில்லை. கிடாவின் முதுகில் ஊற்றினாள், நெற்றியில் ஊற்றினாள். அது அவளை நிமிர்ந்து பார்த்தது, அவ்வளவுதான். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ, எனக்குத் தெரியாது. பிறகு இடது கையால் கிடாவின் தலையைத் தடவுவதுபோல் காதை விரித்துப் பிடித்து, சொம்பில் மிச்சமிருந்ததை அதற்குள் சாய்த்தாள். அவளுடைய முதுகு கூட்டத்தின் பக்கம் இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து மட்டும் அது தெரிந்தது. கிடா தலை முதல் வால்வரை உதறிற்று. தண்ணீர் என் வேட்டியில் தெறித்தது. "குடுத்துட்டான்!" என்று கத்தினார்கள். மேளம் அடித்தார்கள். அம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் அண்ணன் சேலம் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். அடுத்த வாரம் எங்கள் பக்கத்தில் குறுகிய பாதையில் ஓடிய சின்ன ரயிலில் ஏறி மொரப்பூரில் மெட்ராஸ் வண்டிக்கு மாறினேன். ரயிலடிக்கு அம்மா வரவில்லை.

பினாங்கில் பள்ளிக்கூடத்துக்குத் தகரக் கூரை. மழை பெய்தால் நான் சொல்லித்தருவது பிள்ளைகளுக்குக் கேட்காது. அங்கே மழை ஏறக்குறைய தினமும் பெய்தது. சத்தத்தில் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு நிற்பேன். மழை இல்லாத நாட்களில் என் உச்சரிப்பைக் கேட்டு அவர்கள் சிரித்தார்கள். துறைமுகத்தில் வெள்ளைக்காரர் பேசிக் கேட்டு வளர்ந்தவர்கள். ஊருக்குக் கடிதம் போட்டேன், பணம் அனுப்பினேன். பிறகு ஜப்பான்காரர்கள் வந்தார்கள். பள்ளிக்கூடம் மூடியது. கடிதமும் நின்றது. யுத்தம் முடியும்வரை ஒரு அரிசி மண்டியில் மூட்டைக்குக் காவல் இருந்தேன்.

திரும்பி வந்தபோது சின்ன ரயில் இல்லை. யுத்தத்துக்கென்று தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸில் வந்து இறங்கி நடந்தேன். அம்மா என் கையை மணிக்கட்டிலிருந்து தோள்வரை அமுக்கிப் பார்த்தாள். அழவில்லை. அண்ணி சோறு போட்டாள். பேசவில்லை. கிணற்றடியில் அண்ணன்தான் சொன்னான். நான் போன பிறகு அவர்களுக்கு ஒரு பெண் பிறந்திருந்தது. முந்தின வருஷம் காலராவில் போய்விட்டது. குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த அன்று அம்மா, ஆட்டுக் காதில் தண்ணீர் விட்டதை அண்ணியிடம் சொல்லியிருக்கிறாள்.

அம்மாவிடம் பேசிப் பார்த்தேன். காலரா தண்ணீரில் வருகிறது என்றேன். அந்த வருஷம் இந்தத் தெருவிலேயே எத்தனை வீட்டில் சாவு, அவர்களில் யார் சாமியை ஏமாற்றினார்கள் என்று கேட்டேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

"அவங்க வூட்டு நாயம் எனக்குத் தெரியாதுப்பா. முனியப்பன் உன்ன வுட்டுட்டான், அதுக்குப் பதிலா புள்ளய எடுத்துக்கிட்டான். நான் ஏமாத்தி உத்தரவு வாங்குனது உனக்குத்தானே" என்றாள்.

சில மாதங்களில் மெட்ராஸில் ஒரு பத்திரிகையில் வேலை கிடைத்தது. அதற்கு யாரும் சாமியிடம் கேட்கவில்லை. நான் புறப்பட்ட காலையில் அண்ணி கட்டுச்சோற்றைக் கொண்டுவந்து பெட்டிமேல் வைத்தாள்.

"போனா அங்கயே இருந்துக்கங்க" என்றாள்.

நான் திரும்பி வந்ததிலிருந்து அவள் என்னிடம் பேசியது அது ஒன்றுதான்.